அகராதி பிடித்து ஆடுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: புழக்கத்தில் இல்லாத, விநோதமான ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துவைக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டு. அவற்றை எழுத்தில் பயன்படுத்தினால் படிப்பவர்கள் ‘அலட்டல்’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அலட்டாமல் அந்தச் சொற்களோடு விளையாட வழி இருக்கிறதா என்று கேட்கிறீர்கள்.

இருக்கிறது. திமிர் பிடித்தவனை ‘அகராதி பிடித்தவன்’ என்பது நம் வழக்கு. உங்கள் மேல் விழுந்திருக்கும் பழியும் கிட்டத்தட்ட அதுதான். வேலை எதுவும் இல்லாமல் ஒரு சொல் வாக்கியத்தில் வந்து உட்கார்ந்திருந்தால் அந்தப் பழி வரும். வேறு எந்தச் சொல்லாலும் முடியாத வேலையை அதற்குக் கொடுங்கள். கூடவே, படிப்பவர் அகராதியைத் திறக்காமலே அதன் பொருளைப் பிடித்துக்கொள்ள ஒரு பிடிமானமும் கொடுங்கள். பிறகு எவ்வளவு விநோதமான சொல்லும் செல்லும்.

ஒன்றை எடுத்துக் காட்டுகிறேன். போர்போரிக்மஸ் என்று ஒரு சொல் இருக்கிறது. காலி வயிறு உறுமுமே, அந்தச் சத்தம். கிரேக்கத்திலிருந்து வந்தது; சொல்லைச் சொன்னாலே வயிறு உறுமுவதுபோல் இருக்கும். (ஆங்கிலச் சொற்களைத் தமிழ் வாக்கியத்துக்குள் வைத்தே காட்டுகிறேன். நீங்கள் முழுக்க ஆங்கிலத்தில் எழுதினாலும் கணக்கு மாறாது.) முதலில் மோசமான வாக்கியம்: ‘காலையில் சாப்பிடாததால் எனக்குப் போர்போரிக்மஸ் ஏற்பட்டது.’ படிப்பவர் ஏதோ நோய் என்று நினைத்துக்கொள்வார், அல்லது எரிச்சல்படுவார். இப்போது இதைப் பாருங்கள்:

‘இரண்டு நிமிட மௌன அஞ்சலி. முதல் நிமிடம் ஒழுங்காகப் போனது. இரண்டாவது நிமிடத்தின் நடுவில், மூன்றாம் வரிசையிலிருந்து, நீளமாக, ஏறி இறங்கி, கடைசியில் ஒரு கேள்விக்குறியோடு முடிந்தது ஒரு போர்போரிக்மஸ். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காலை உணவைத் தவிர்த்தவர் மட்டும் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.’

இங்கே யாருக்கும் விளக்கம் தேவையில்லை. சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அற்ப விஷயம், அதற்குச் சூட்டிய பேரோ மருத்துவப் பேராசிரியர் சொல்வதுபோல் கனமானது. சின்ன விஷயத்துக்குப் பெரிய சொல் என்ற இந்தப் பொருத்தமின்மைதான் நகைச்சுவைக்கு மூலதனம். பெரிய விஷயத்துக்குப் பெரிய சொல்லைப் போட்டால் அரசாணை மாதிரி ஆகிவிடும்.

ஷேக்ஸ்பியர் இதை நன்றாக அறிந்தவர். ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தில் பண்டிதர்கள் லத்தீனில் அளந்துகொண்டிருக்கும்போது காஸ்டர்ட் என்ற பட்டிக்காட்டான் பக்கத்தில் நிற்கும் குட்டிப் பையனைப் பார்த்து, உன் எஜமான் உன்னை ஒரு சொல் என்று நினைத்து இன்னும் விழுங்காமல் இருக்கிறாரே என்று வியக்கிறான். பையன் ‘ஹானரிஃபிகாபிலிடியூடினிடாடிபஸ்’ அளவுக்குக்கூட நீளம் இல்லையாம்! அந்த 27 எழுத்துச் சொல்லின் அர்த்தம் அங்கே யாருக்கும் வேண்டியதில்லை. அதை ஓர் அளவுகோலாக்கிப் பையனை அளந்துவிட்டார். சொல்லுக்கு வேலை கொடுப்பது என்றால் இப்படித்தான்.

அலட்டல் என்ற குற்றச்சாட்டும் புதியதல்ல. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் கூடை கூடையாகச் சொற்களை இறக்கியபோது, அவற்றை ‘இங்க்ஹார்ன் சொற்கள்’, அதாவது மைக்கூட்டுச் சொற்கள் என்று கேலி செய்தார்கள். தாமஸ் வில்சன் 1553இல் வெளியிட்ட சொல்லணி நூலில், வேலைக்குச் சிபாரிசு கேட்டு ஒருவர் எழுதுவதாகக் கேலிக்கடிதம் ஒன்றைச் சேர்த்தார். அதில் அபத்தம் என்று அவர் அடுக்கிய சொற்களில் ‘இஞ்ஜென்ட்’ போன்றவை செத்துப்போயின. ஆனால் ‘செலிபரேட்’, ‘டெக்ஸ்டெரிட்டி’ இரண்டும் அதே கடிதத்தில் கேலிக்கு ஆளானவை. இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். எந்தச் சொல் பிழைக்கும் என்று அந்தக் காலத்து அறிஞராலேயே சொல்ல முடியவில்லை. ஆகவே உங்கள் நண்பர்கள் இன்று சிரிப்பதைப் பற்றி ரொம்பவும் கவலைப்பட வேண்டாம்.

எழுபது வருடம் கழித்து, 1623இல், ஹென்றி காக்கரம் ஓர் அகராதி போட்டார். கடினச் சொற்களுக்கு எளிய பொருள் தருவது ஒரு பகுதி. இன்னொரு பகுதி தலைகீழ்: எளிய சொல்லைத் தேடினால் அதற்கான பகட்டுச் சொல் கிடைக்கும். அலட்ட விரும்புகிறவர்களுக்கான கையேடு என்றே சொல்லலாம். அதில் ஒரு முத்து, ‘ஆப்ரிசிட்டி’. குளிர்காலத்து வெயிலின் இதமான சூடு. வேறு யாரும் எடுத்து ஆளாமல் பல நூற்றாண்டு அப்படியே கிடந்தது. இதற்கு நிகரான ஒற்றைச் சொல் ஆங்கிலத்தில் வேறு இல்லை என்பதால் இதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ‘வெல்லெய்ட்டி’யும் அதே ரகம்: மனதில் எழும், ஆனால் உடம்பை அசைக்கப் போதாத ஆசை. ‘எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தலாம் என்று ஒரு வெல்லெய்ட்டி வந்தது, போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன்.’ இரண்டாவது பாதி முதல் பாதியை விளக்கிவிடுகிறது, கவனித்தீர்களா?

சரி, விளையாட்டுகளுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது, முன்னொட்டைக் கழற்றுவது. ‘டிஸ்கிரண்டில்ட்’ என்றால் மனக்குறையோடு இருப்பது. ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி.ஜி. உட்ஹவுஸ் 1938இல் வந்த ‘தி கோட் ஆஃப் தி வூஸ்டர்ஸ்’ நாவலில் ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது, டிஸ்கிரண்டில்ட் என்று சொல்ல முடியாவிட்டாலும் கிரண்டில்ட் நிலைக்கு வெகுதூரத்தில் இருந்தார் என்கிறார். கழற்றிப் பார்த்ததும் உள்ளே ஒரு சொல் இருப்பதுபோல் தோன்றுகிறது. அதன் அர்த்தமும் உடனே புரிகிறது. வேடிக்கை என்னவென்றால், முற்காலத்து ஆங்கிலத்தில் ‘கிரண்டில்’ என்றாலே முணுமுணுப்பதுதான். முன்னால் இருந்த ‘டிஸ்’ அதை மறுக்கவில்லை, அழுத்திச் சொன்னது. நகைச்சுவை எழுத்து சொல்லின் ஜாதகத்தையே திருப்பிப் போட்டுவிட்டது. ஜாக் விண்டர் 1994இல் ‘நியூ யார்க்கர்’ இதழில் ஒரு முழுக் கட்டுரையையே இப்படிக் கழற்றிய சொற்களால் எழுதினார்.

இந்த விளையாட்டில் கிடைக்கும் சொற்களில் இரண்டு சாதி உண்டு. அன்கெம்ப்ட், அன்கூத், ரூத்லெஸ் ஆகியவற்றைக் கழற்றினால் கிடைக்கும் ‘கெம்ப்ட்’, ‘கூத்’, ‘ரூத்’ மூன்றும் உண்மையிலேயே ஆங்கிலத்தில் இருந்த சொற்கள். முறையே வாரிய தலை, அறிமுகம், இரக்கம் ஆகியவற்றோடு தொடர்புடையவை. எதிர்மறை வடிவம் பிழைத்தது, மூலம் வழக்கொழிந்தது. நான்சாலன்ட் என்பதைக் கழற்றி எடுத்த ‘சாலன்ட்’ போன்றவை முழுக்கக் கற்பனை. எழுதும்போது இரண்டையும் கலந்து போடுங்கள். எது பழையது, எது உங்கள் கைச்சரக்கு என்று படிப்பவர் திணற வேண்டும்.

சொந்தமாகச் சொல் செய்வதற்கு, ‘ஆலிஸ்’ கதைகளை எழுதிய லூயிஸ் கேரலைவிட நல்ல வாத்தியார் இல்லை. 1871இல் வந்த ‘ஜாபர்வாக்கி’ கவிதையின் முதல் வரியில் இருக்கும் பெயர்ச்சொல், பெயரடை எல்லாமே அவர் கட்டியவை. இருந்தும் என்ன நடக்கிறது என்று நமக்கு மங்கலாகத் தெரிகிறது. ‘ஸ்லைதி’ என்ற சொல்லில் வழுவழுப்பும் வளைந்துகொடுக்கும் உடம்பும் தெரிகின்றன. காரணம், ஆங்கிலத்தில் ‘ஸ்ல’ என்று தொடங்கும் ஸ்லைம், ஸ்லிதர், ஸ்லிப் எல்லாம் வழுக்குகிற கூட்டம். அதைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது: அந்தக் கவிதையின் சிறு சொற்கள், பன்மை விகுதிகள், இறந்தகால வடிவங்கள் எதையும் கேரல் தொடவில்லை. எலும்புக்கூடு முழுக்கச் சாதாரண ஆங்கிலம். சதையை மட்டும் மாற்றினார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இலக்கணத்தையும் சேர்த்துக் குழப்பினால் யாருக்கும் ஒன்றும் பிடிபடாது. சிரிப்பும் மூக்குச் சீறலும் கலந்து அவர் செய்த ‘சார்ட்டில்’ இன்று எல்லா அகராதியிலும் இருக்கிறது. அந்தக் கவிதையிலேயே வரும் ‘கலம்ஃப்’பும் உள்ளே நுழைந்துவிட்டது.

1830களில் அமெரிக்காவில் போலி லத்தீன் மோகம் ஒன்று வந்தது. அதில் பிறந்ததுதான் ‘ஆப்ஸ்குவாட்டுலேட்’: சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டுவது. உள்ளே இருப்பது குந்துவதைக் குறிக்கும் ‘ஸ்குவாட்’. முன்னும் பின்னும் லத்தீன் வேட்டி கட்டிவிட்டார்கள். ‘மீனைக் கவ்விக்கொண்டு பூனை ஆப்ஸ்குவாட்டுலேட் ஆனது’ என்று படித்துப் பாருங்கள். பூனையின் கம்பீரம் கூடுகிறதா இல்லையா?

கூட்டமாக ஆட வேண்டுமென்றால் அகராதி விளையாட்டு. ‘ஃபிக்ஷனரி’ என்றும் பெயர். இதையே பெட்டியில் போட்டு 1984இல் ‘பால்டர்டாஷ்’ என்று பலகை விளையாட்டாக விற்றார்கள். 1965இல் தொடங்கிய பிபிசியின் ‘கால் மை ப்ளஃப்’ நிகழ்ச்சியும் இதன் உறவுதான். ஒரு தடித்த அகராதியும் நாலைந்து பேரும் போதும். ஒருவர் யாருக்கும் தெரியாத சொல்லைத் தேர்ந்து வாசிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பொய் விளக்கம் துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பார்கள். உண்மையான விளக்கத்தையும் நடுவே செருகி எல்லாவற்றையும் வாசிக்க, எது உண்மை என்று ஓட்டுப் போட வேண்டும். சரியாகச் சொன்னால் புள்ளி. உங்கள் பொய்யை ஒருவர் நம்பினாலும் உங்களுக்குப் புள்ளி.

‘கோங்கூஸ்லர்’ என்ற சொல் வந்ததாக வைத்துக்கொள்வோம். மூன்று தாள்கள்: ஒரே மூச்சில் அளவுமீறிக் குடிப்பவர், வாத்து மேய்ப்பவர் கழுத்தில் தொங்கவிடும் தகர ஊதல், கால்வாயில் படகு போவதை வேலைவெட்டி இல்லாமல் நின்று வேடிக்கை பார்ப்பவர். உண்மை மூன்றாவது. இங்கிலாந்துக் கால்வாய்ப் படகுக்காரர்களின் சொல். பெரும்பாலும் யாரும் அதைத் தொடமாட்டார்கள், ஏனென்றால் அதற்கென்று ஒரு சொல் இருக்கும் என்று நம்ப மனம் வராது. முதல் தாளும் தோற்கும். குடிப்பதைக் குறிக்கும் ‘கஸில்’ என்ற ஓசையை அப்பட்டமாகப் பிடித்துக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஜெயிப்பது வாத்து ஊதல்தான். எதனால்? ‘தகர’ என்ற சொல்லால். அகராதிக்காரர்கள் சுவாரசியமாக எழுதுவதில்லை. பொருளின் உலோகத்தைச் சொல்வார்கள், எந்த வட்டாரத்து வழக்கு என்பார்கள், ‘பழைய சட்ட வழக்கில்’ என்று தொடங்குவார்கள். கொட்டாவி வரவழைக்கும் ஒரு விவரத்தைச் செருகத் தெரிந்தவர்தான் இந்த ஆட்டத்தில் எமன்.

அகராதி தயாரிப்பவர்களே இதை ஆடியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆனந்தம். 2001இல் வந்த ‘நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்கன்’ அகராதியில் ‘எஸ்குவிவாலியன்ஸ்’ என்று ஒரு பதிவு: தன் அலுவல் கடமைகளை வேண்டுமென்றே தட்டிக்கழிப்பது என்று பொருள், 19ஆம் நூற்றாண்டின் இறுதி, பிரெஞ்சு மூலமாக இருக்கலாம் என்று பிறப்புச் சான்றிதழ் வேறு. எல்லாம் பொய். யாராவது அகராதியைக் காப்பியடித்தால் கையும் களவுமாகப் பிடிக்க ஆசிரியர்கள் வைத்த பொறி. 1975இல் ‘நியூ கொலம்பியா’ கலைக்களஞ்சியத்தில் லிலியன் வர்ஜீனியா மவுண்ட்வீசல் என்ற பெண் புகைப்படக்காரரின் வாழ்க்கைக் குறிப்பு வந்தது. கிராமத்துத் தபால் பெட்டிகளைப் படமெடுத்தவராம். எரிபொருட்கள் பற்றிய பத்திரிகைக்காகப் படமெடுக்கப் போய் வெடிவிபத்தில் இறந்தாராம். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. இன்று இத்தகைய பொறிப் பதிவுகளுக்கே மவுண்ட்வீசல் என்று பெயர்.

தெரியாமல் நடந்ததும் உண்டு. 1934இல் வந்த வெப்ஸ்டர் பெரிய அகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘டோர்ட்’ என்ற சொல்லுக்கு அடர்த்தி என்று பொருள் போட்டிருந்தது. வேதியியல் ஆசிரியர் அனுப்பிய சீட்டில் இருந்தது, அடர்த்தியைப் பெரிய டி அல்லது சின்ன டி எழுத்தால் குறிக்கலாம் என்ற குறிப்பு. ‘டி ஆர் டி’ (D or d) என்ற மூன்றையும் யாரோ ஒட்டிப் படித்துவிட்டார்கள். சொல்லின் மூலம் குறிப்பிடப்படவில்லையே என்று 1939இல் ஓர் ஆசிரியர் சந்தேகப்படும்வரை டோர்ட் கௌரவமாக வாழ்ந்தது. இப்படி இல்லாமலே அகராதியில் வாழும் ஒரு பேய்ச்சொல்லுக்கு வாழ்க்கை வரலாறு எழுதுவது நல்ல பயிற்சி. எஸ்குவிவாலியன்ஸ் பதிவை மாதிரியாக வைத்துக்கொண்டு பொருள், காலம், மூலம், ஒரு மேற்கோள் என்று முழுதாக எழுதிப் பாருங்கள்.

கூட்டப்பெயர் கட்டுவதும் பழைய பொழுதுபோக்கு. 1486இல் அச்சான ‘புக் ஆஃப் செயின்ட் ஆல்பன்ஸ்’ வேட்டைக்காரர்களுக்கான நூல். காகக் கூட்டத்துக்கு ‘கொலை’ என்று பெயர் தந்த பட்டியல் அதில் இருக்கிறது. ஆனால் அதே பட்டியலில் கன்னியாஸ்திரீகளின் கூட்டத்துக்கு ‘மிகை’ என்றும், வித்தைக்காரர்களின் கூட்டத்துக்கு ‘ஒருநாளும் உருப்படாதது’ என்றும் பெயர். வேட்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அந்தக் காலத்திலேயே யாரோ விளையாடியிருக்கிறார்கள். நீங்களும் தொடரலாம்.

பிரான்சில் 1960இல் தொடங்கிய ஊலிப்போ எழுத்தாளர் குழுவின் ‘என் கூட்டல் ஏழு’ முறையைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். ஒரு பத்தியில் உள்ள ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பதிலாக அகராதியில் அதற்கடுத்து ஏழாவதாக வரும் பெயர்ச்சொல்லைப் போடுவது. பத்து நிமிடம் சிரிக்கலாம், பிறகு அலுத்துவிடும். இயந்திரம் செய்கிற வேலை என்பது என் அபிப்பிராயம். அதே குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் பெரெக் 1969இல் ‘இ’ (e) என்ற எழுத்தே வராமல் ஒரு நாவல் எழுதினார்; கில்பர்ட் அடேர் ஆங்கிலத்திலும் அப்படியே பெயர்த்தார். அது வேறு தரம். ஓர் எழுத்தை விலக்கினால் சாதாரணச் சொற்கள் கைக்கு எட்டாமல் போகும். மூலையில் கிடந்த அபூர்வச் சொற்களைக் கூப்பிட்டே ஆக வேண்டும். அப்போது அவை அலங்காரத்துக்கு வரவில்லை, ஆபத்துக்கு உதவ வருகின்றன. ஒரே ஒரு பத்தி இப்படி எழுதிப் பாருங்கள், தெரியும்.

எல்லாமே சிரிப்புக்குத்தானா என்று கேட்டால், இல்லை. ஸ்காட்லாந்துக் கவிஞர் ஹியூ மெக்டயர்மிட் 1934இல் வெளியிட்ட ‘ஆன் எ ரெய்ஸ்டு பீச்’ கவிதையைத் தேடிப் படியுங்கள். கூழாங்கற்கள் மேடிட்ட ஒரு கடற்கரையில் கிடக்கும் மனிதனின் கவிதை. தொடக்கமே ‘லிதோஜெனிசிஸ்’, ‘லோக்கியா’ என்ற இரண்டு சொற்களோடு வருகிறது. முன்னது பாறை உருவாவது. பின்னது குழந்தை பிறந்தபின் தாயிடமிருந்து வெளியேறும் கழிவு. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் வைத்ததும் கல்லின் பிறப்புக்கும் உயிரின் பிறப்புக்கும் முடிச்சு விழுந்துவிடுகிறது. அடுத்தடுத்த வரிகளில் நிலவியல் சொற்கள் கல்லாக வந்து விழுகின்றன. பொருள் தெரியாமல் படித்தாலும் பல்லில் சரளை நெரிபடும் உணர்வு வரும். புரியாமை அங்கே குறையே அல்ல. கல் மனிதனுக்குப் பிடிகொடுக்காது என்பதுதானே கவிதையின் பொருள். எளிய நடைதான் எப்போதும் சிறந்தது என்று பாடம் எடுப்பவர்களிடம் இந்தக் கவிதையைக் காட்டுவேன்.

சொற்களைச் சேர்க்கும் விதம் பற்றிக் கொஞ்சம். இணையத்தில் சுற்றும் ‘மறந்துபோன அழகிய சொற்கள்’ பட்டியல்களை அப்படியே நம்ப வேண்டாம். எதிரே போகும் ஒவ்வொருவருக்கும் நம்முடையதைப் போலவே ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது என்ற உணர்வைக் குறிக்கும் ‘சோண்டர்’, ஜான் கோனிக் என்பவர் 2012இல் செய்த சொல். அவர் மறைக்கவில்லை, பட்டியல் போடுகிறவர்கள்தான் அதற்குத் தாடி வைத்துப் பழமையாக்கிவிடுகிறார்கள். சொல் புதியதாக இருப்பதில் தவறில்லை, நீங்கள் தெரிந்து பயன்படுத்த வேண்டும். பழைய மேற்கோள்களை ஆண்டோடு தரும் பெரிய அகராதி ஒன்றில் பார்த்துவிடுங்கள்.

சொல்லின் கதையையும் சேர்த்துக் குறித்துவையுங்கள். தெரியாத விஷயத்தில் மூக்கை நுழைப்பவரைக் குறிக்கும் ‘அல்ட்ராக்ரெபிடேரியன்’ வெறும் நீளச் சொல்லாகப் பார்த்தால் நாக்கைக் கட்டும். கதை இது: கிரேக்க ஓவியர் அப்பெல்லஸ் வரைந்த படத்தில் செருப்பு சரியில்லை என்றான் ஒரு செருப்புத் தைப்பவன், அவர் திருத்தினார். அவனுக்குத் தைரியம் வந்து காலும் சரியில்லை என்றான். செருப்புக்கு மேலே போகாதே என்றார் ஓவியர். இதிலிருந்து எடுத்து 1819இல் ஆங்கிலக் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட் ஒரு விமர்சகரைத் தாக்கப் பயன்படுத்தினார். கதை தெரிந்தால் சொல் மறக்காது. கதையையே எழுத்தில் விளையாட்டாக மாற்றவும் முடியும்.

வெறும் நீளத்துக்காகப் புகழ்பெற்ற சொற்களை ஒதுக்கிவிடலாம். ‘நியூமோனோ’ என்று தொடங்கும் 45 எழுத்து நுரையீரல் நோய்ப் பெயர், அமெரிக்கப் புதிர்க்காரர்கள் சங்கத்தின் தலைவர் 1935இல் நீளத்துக்கென்றே கட்டியது. அதைச் சொல்லிக் காட்டலாமே தவிர எழுத்தில் ஒன்றும் செய்ய முடியாது. ‘ஃப்ளாக்சிநாசினிஹிலிபிலிஃபிகேஷன்’ மட்டும் விலக்கு. ஒன்றுக்கும் உதவாதது என்று மதிப்பிடும் செயல். லத்தீன் இலக்கணப் பாடப்புத்தகத்தில் ‘மதிப்பே இல்லை’ என்ற பொருளில் வரிசையாகக் கொடுத்திருந்த நான்கு சொற்களை ஒட்டிச் செய்தது. 1741லேயே கடிதத்தில் வந்திருக்கிறது. 29 எழுத்தைச் செலவழித்து ‘சீ, இதெல்லாம் ஒரு பொருட்டா’ என்று சொல்வது அதற்குள்ளேயே இருக்கும் நகைச்சுவை.

தொடங்க ஒரு பயிற்சி. வெல்லெய்ட்டி, ஆப்ரிசிட்டி, கோங்கூஸ்லர் இவற்றில் ஒன்றை எடுத்து ஐந்து வாக்கியப் பத்தி எழுதுங்கள். அதில் தெரியாத சொல் அது ஒன்றாக மட்டுமே இருக்கட்டும். பொருள் சொல்லாமல் ஒரு நண்பரிடம் கொடுத்து, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேளுங்கள். கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னால் பத்தி தேறியது. தவறாகச் சொன்னால் சொல்லை எடுக்காதீர்கள். பக்கத்து வாக்கியத்தைத் திருத்துங்கள், பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். நாலு பேர் முன்னால் வாசிப்பதாக இருந்தால், இணைய அகராதியில் உச்சரிப்பை ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள்.